பில்லில் நான் அடித்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் 22 வருடம் பில்லிங்கிலும் இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் வேலை பார்த்துவிட்டு இந்தச் சித்திரையில்தான் ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை இதை எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் மறுநாளே கேபினுக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசியிருப்பார்கள். இப்போது டீ வீட்டில்தான், அதுவும் சர்க்கரை போடாமல். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் பில்லில் வரும் ஒரே ஒரு வரியைப் பற்றியது. 'டயட் கவுன்சலிங் 300 ரூபாய்'. டயட்டீஷியன், அதாவது உணவு ஆலோசகர், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கான கட்டணம். வார்டிலிருந்து இந்த வரி கம்ப்யூட்டரில் ஏறி வரும். நோயாளிக்கு மெடிக்ளெய்ம் இருந்தால், பில்லைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பும் முன் இதை அடித்து நீக்கிவிட வேண்டும். அது என் வேலை. இத்தனை வருடத்தில் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை, ஆயிரத்துக்குக் குறையாது.

ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பாலிசிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே நான்கு பட்டியல்கள் இருக்கும். முதல் பட்டியலில் இருப்பவை நோயாளியின் கைக்காசு. இரண்டாவதில் இருப்பவை அறை வாடகைக்குள் அடக்கம், மூன்றாவது ஆபரேஷன் மாதிரியான செய்முறைக் கட்டணத்துக்குள், நான்காவது சிகிச்சைச் செலவுக்குள். அந்த நான்காவது பட்டியலில் 18 இனங்கள். யூரின் பை, குளுக்கோமீட்டரும் அதன் ஸ்டிரிப்பும், வாய் கொப்பளிக்கிற மருந்து, தொண்டைக்குச் சப்புகிற மாத்திரை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சு. இவற்றுக்கு நடுவே ஒரு வரி: உணவுத் திட்டக் கட்டணம், டயட்டீஷியன் கட்டணம், சாப்பாட்டுக் கட்டணம். மூன்றும் சேர்ந்து ஒரே இனம்! தட்டில் வருகிற இட்லியும், அந்த இட்லி எத்தனை என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற ஆளும் அந்தப் பட்டியலுக்கு ஒன்றுதான்.

அடக்கம் என்றால் நோயாளிக்குத் தனிச் செலவு இல்லை, நல்லதுதானே என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. தனி வரி இல்லாத வேலைக்கு மாதக் கடைசி ரிப்போர்ட்டில் வருமானம் பூஜ்யம். வருமானம் பூஜ்யமாக இருக்கிற பிரிவுக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லி எந்த நிர்வாகத்திடம் கேட்பது? எங்கள் 120 படுக்கைக்கும் ஒரே டயட்டீஷியன். காலை நேரம் முழுக்க கிச்சனில் நின்று உப்பில்லாத தட்டு, சர்க்கரைத் தட்டு என்று சீட்டு ஒட்டுவதிலேயே அவருக்குப் போய்விடும். என்.ஏ.பி.எச். தரச்சான்று ஆய்வு வருகிற வாரத்தில் மட்டும் எல்லாக் கேஸ் ஷீட்டிலும் சத்துணவு மதிப்பீட்டுத் தாள் ஒழுங்காக இருக்கிறதா என்று ஓடிஓடித் தேடுவோம். ஆய்வு முடிந்ததும் மறுபடி கிச்சன்தான்.

இதை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், போன ஐப்பசி வரை.

அந்தியூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற ஒரு விவசாயி. காலில் முள் குத்தி, அதை ஒரு வாரம் அப்படியே விட்டு, கால் வீங்கிப் பழுத்த பிறகு மகன் காரில் போட்டுக் கொண்டுவந்தான். ஆறு நாள் அட்மிஷன். பில் 86,000 சொச்சம். பாலிசி எடுத்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் அன்று காலை எல்லாம் அனுப்பிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் பதில் வந்தது: 'நோயாளிக்கு 10 முதல் 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பாலிசி எடுக்கும்போது மறைக்கப்பட்டுள்ளது. பணம் தர இயலாது.'

மகன் கவுண்டரில் வந்து நின்றான். கோபப்படவில்லை, குரல்தான் உடைந்துவிட்டது. "ஏனுங்ணா, மார்கழிக்கு முன்னாடி எங்கப்பனுக்குச் சர்க்கரையே கெடையாதுங்க. யாருங்ணா பத்து வருசம்னு எழுதுனது?"

யார் எழுதியது என்று தேடினேன். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது '10/12'. டாக்டர்கள் வழக்கத்தில் அது பத்து மாதம். பன்னிரண்டில் பத்து. நாளைக் குறிக்க ஏழின் மேல் எழுதுவார்கள், வாரத்துக்கு ஐம்பத்திரண்டின் மேல். டிஸ்சார்ஜ் சம்மரியை டைப் செய்த பெண்ணுக்கு அது தெரியாது, புதிதாகச் சேர்ந்தவள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு கோட்டைப் போட்டு 'ஆண்டுகள்' என்று சேர்த்துவிட்டாள். நான் அதைப் படிக்காமலே சீல் வைத்துவிட்டேன். படிக்காமல் என்று சொல்வது கூடத் தப்பு. படித்தேன், கண்ணில் படவில்லை.

டாக்டர் அன்று லீவு. அவர் வந்து திருத்திக் கையெழுத்துப் போட்டாலும் கம்பெனிக்காரர்கள் விட மாட்டார்கள், முதன்முதலில் சர்க்கரை என்று சொன்ன சீட்டைக் காட்டு என்பார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே போனபோது பின்னால் டயட்டீஷியன் எழுதிய இரண்டு பக்கம் கிடைத்தது. முத்து முத்தான கையெழுத்து.

'மார்கழியில் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்து பார்த்தபோது முதன்முதலாகத் தெரிந்தது. அட்டை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் உள்ளது. அதற்கு முந்தைய வருடம் கண் கேம்ப்பில் பார்த்தபோது சர்க்கரை இல்லை. மாத்திரை போடுகிறார். சர்க்கரையை நிறுத்திவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறியுள்ளார், அது ஒன்றும் செய்யாது என்று நம்புகிறார். வாரம் இரண்டு முறை சந்தகை, தேங்காய்ப்பால், நாட்டுச்சர்க்கரை. மதியம் அரிசிம்பருப்பு சாதம், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. செருப்பில்லாமல் கொடிக்காலில் வேலை.'

டாக்டர் இரண்டு நிமிடத்தில் கேட்க முடியாததை அந்தப் பொண்ணு முக்கால் மணி நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. சாமி படம் வரை! அந்தியூர் போய் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மகன் ராத்திரியே திரும்பி வந்தான். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் அட்டை ஒரு மெடிக்ளெய்மைக் காப்பாற்றும் என்று ஆரம்பித்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். அட்டை, டயட்டீஷியன் தாள், டாக்டரின் திருத்தம் மூன்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அப்ரூவல் வந்தது.

பில்லை இறுதி செய்ய எடுத்துப் பார்க்கிறேன். 'டயட் கவுன்சலிங் 300' வரி அதில் இல்லை. இரண்டு நாள் முன்னால் நானே அடித்திருக்கிறேன்.

என் மகள் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறாள், அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்கு நோய், சிகிச்சை எண் போடுகிற வேலை. சரவணம்பட்டியில் ஆபீஸ், வாரத்தில் பாதி நாள் சித்தோட்டில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை. சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப்பைத் திறந்தால் விடிகாலை வரை. நோயாளி பெயர் வீட்டாருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். அமெரிக்கச் சட்டம் அப்படி. அன்றைக்கு ராத்திரி அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அப்பா, நான் இப்ப என்ன பண்ணிட்டு இருக்கேன் தெரியுங்களா? ஒரு டயட்டீஷியனோட பில்லுதான்."

அங்கே எப்படி என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு பில்லிலும் நோய்க்கு ஓர் எண், செய்த வேலைக்கு ஓர் எண். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் பணம். டயட்டீஷியனின் முதல் சந்திப்புக்கு எண் 97802, அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு 97803. இரண்டிலும் பதினைந்து நிமிடம் ஒரு யூனிட். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் நாலு யூனிட். கூட்டமாக வைத்துச் சொல்லிக் கொடுத்தால் 97804, அதற்கு முப்பது நிமிடம் ஒரு யூனிட். அந்தியூர்க்காரரோடு எங்கள் டயட்டீஷியன் பேசிய முக்கால் மணி நேரம் அங்கே என்றால் மூன்று யூனிட்.

நோயின் எண்ணை டயட்டீஷியன் தானாகப் போட முடியாது, அது டாக்டர் எழுதியதாக இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. ஒருவரின் எடையும் உயரமும் பார்த்து பி.எம்.ஐ. இத்தனை என்று டயட்டீஷியன் எழுதினால் கோடர் அதை ஏற்றுக்கொள்ளலாம். 'உடல் பருமன்' என்கிற வார்த்தையை மட்டும் டாக்டர்தான் எழுத வேண்டும். பி.எம்.ஐ. 38 என்று தாளில் இருக்கும், டாக்டர் அந்த ஒரு வார்த்தையை விட்டிருப்பார், பில் திரும்பி வரும். ஒவ்வொரு அக்டோபர் முதல் தேதியும் எண்கள் வேறு மாறும். 2024 அக்டோபரில் உடல் பருமனையே மூன்று நிலையாகப் பிரித்து எண் கொடுத்தார்களாம். அந்த மாதம் அவள் சரியாகத் தூங்கவே இல்லை.

அமெரிக்காவைப் புகழ இதை எழுதவில்லை. அங்கே முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 2002-லிருந்து அது டயட்டீஷியனுக்குப் பணம் தருகிறது. ஆனால் சர்க்கரை நோய், டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோய், 36 மாதத்துக்குள் நடந்த சிறுநீரக மாற்று, இவற்றுக்குத்தான். டாக்டர் கடிதம் கட்டாயம். முதல் வருடம் மூன்று மணி நேரம், அப்புறம் வருடத்துக்கு இரண்டு. சர்க்கரை வரப்போகிறது, எல்லையில் நிற்கிறது என்பதற்கு ஆர் 73.03 என்று தனி எண்ணே இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் போட்டு இந்தப் பணத்தைக் கேட்டால் கிடையாது. "வந்த பொறவு வாங்கங்கறாங்கப்பா" என்றாள். நம் ஊர்ப் பாலிசியின் 24 மணி நேர அட்மிஷன் நிபந்தனை எனக்கு ஞாபகம் வந்தது. படுத்தால்தான் காசு.

ஆனாலும் ஒன்றை யோசித்தேன். நோய்க்கு எண் போடுகிற புத்தகம் நம்மிடமும் இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10. நம் கிளெய்ம் ஃபார்மில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய பாகத்தில் முதன்மை நோய், கூடுதல் நோய், துணை நோய் என்று அந்த எண்ணுக்குக் கட்டங்கள் அச்சடித்தே இருக்கின்றன. 22 வருடத்தில் அந்தக் கட்டங்களை நான் எப்படி நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சர்க்கரை நோயைச் சுருக்கி 'டி.எம்.' என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஈ 11.9. அதற்கு அர்த்தம், இரண்டாம் வகைச் சர்க்கரை, பின்விளைவு எதுவும் இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போய் வந்தவருக்கும் அதே ஈ 11.9 போட்டிருக்கிறேன். கால் அழுகி வந்த அந்தியூர்க்காரருக்கும் முதலில் அதைத்தான் போட்டேன். பின்விளைவு இல்லையாம்! மகள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஆபீஸில் இப்படிச் செய்தால் ஆடிட்டில் பிடித்து மார்க்கைக் குறைத்துவிடுவார்களாம். இங்கே என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதே புத்தகத்தில் இசட் 71.3 என்று ஓர் எண் உண்டு. உணவு ஆலோசனையும் கண்காணிப்பும் என்று பொருள். 22 வருடத்தில் அதை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

சரி, அந்த 300 ரூபாய் வரியைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பில்லிங்கில் இருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? என் பெரியம்மா மகன் வீட்டில் ஒருவர் வேறு ஓர் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். பில்லில் 'டயட் கவுன்சலிங் 500' இருந்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கு, ஒரு அச்சடித்த தாள் கொடுத்தோமே என்றார்களாம். தாளில் 'எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும்' என்று இருந்தது, கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ. இப்படிப் பண்ணினதால்தான் காப்பீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் வாரி ஒரே பட்டியலில் போட்டு மூடினார்கள் என்பது என் எண்ணம். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

அதனால்தான் யூனிட் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எந்த நோய்க்கு, எந்த டாக்டர் அனுப்பினார். நாலும் இருந்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. கண்புரைக்குத் தாள் கொடுத்ததெல்லாம் அதில் வடிந்துபோகும். டயட்டீஷியன் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்களே என்றும் கேட்கலாம். ஜிம்மில் பவுடர் விற்கிற தம்பிகள் கூட மாட்டுகிறார்கள். அதற்கு 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் டயட்டீஷியனும் இருக்கிறார், கிளினிக்கல் கோடரும் இருக்கிறார். எங்கள் டயட்டீஷியனும் என் மகளும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள். பதிவு பெற்றவருக்கு மட்டும் அந்த வரி என்று வைத்தால் பவுடர் தம்பிகள் தானாக விலகிவிடுவார்கள்.

இதில் என் சொந்தக் கணக்கும் ஒன்று உண்டு. நான்கு வருடம் முன்னால் எனக்கே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) 8-ஐத் தாண்டியது. மாத்திரை ஆரம்பித்தார்கள். கேன்டீனில் பார்த்து அந்த டயட்டீஷியன் பொண்ணிடமே கேட்டேன். அவர் பேக்கரியை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. இந்தப் பக்கத்து ஆளிடம் நாலு மணிக்குப் பேக்கரிக்குப் போகாதே என்பதும் நோம்பிக்குப் போகாதே என்பதும் ஒன்று என்பது அவருக்குத் தெரியும். "போங்க சார், டீ குடிங்க, பேசுங்க. அந்தத் தேங்காய் பன்னை மட்டும் பக்கத்துல இருக்கறவருக்குக் குடுத்துருங்க" என்றார். அரிசிம்பருப்பு சாதத்தையும் விடச் சொல்லவில்லை. அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கீரையோ பொரியலோ வையுங்கள், வாரம் இரண்டு நாள் கொள்ளு வையுங்கள் என்றார். அடுத்த ஆறு மாதத்தில் 6.9. எதையும் விடச் சொல்லாததால்தான் விடாமல் கடைப்பிடித்தேன். நான் அவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, ஸ்டாஃப் ஆச்சே. என் கேஸில் அந்த வரியை அடிக்கக்கூடத் தேவைப்படவில்லை, யாரும் ஏற்றவே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. மாத்திரை எழுதுகிற கைகள் எப்படியோ கிடைத்துவிடும். கட்டில் ஓரத்தில் முக்கால் மணி நேரம் உட்காருகிற ஆள்தான் கிடைக்க மாட்டார்.

எங்களுக்குக் கிடைத்தவரையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. தை முடிந்து அவர் வேலையை விட்டார். கல்யாணமா என்று கேட்டேன். இல்லை சார், கோயமுத்தூரில் கோடிங் கம்பெனி, நியூட்ரிஷன் படித்தவர்களை எடுக்கிறார்கள், சம்பளம் இங்கே வாங்குவதை விட ஒன்றரை மடங்கு என்றார். பரீட்சைக்கு எந்தப் புத்தகம் படிப்பது என்று என் மகளின் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். நூறு கேள்வி, நாலு மணி நேரப் பரீட்சை. பாஸ் பண்ணிவிட்டார். இப்போது ராத்திரியில் யாரோ ஓர் அமெரிக்க டயட்டீஷியன் எத்தனை நிமிடம் பேசினார் என்று பார்த்து யூனிட் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தியூர்க்காரர் மாசியில் செக்கப்புக்கு வந்தபோது, செருப்புப் போட்ட காலோடு, நேராக என் கவுண்டருக்குத்தான் வந்தார். "அந்த அம்மணிய எங்கீங்க காணோம்?" என்றார். லீவு என்று சொல்லிவிட்டேன்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், கம்பெனிகளுக்கும், நம் மாநில சுகாதாரத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். நான்காவது பட்டியலில் இருக்கிற அந்த வரியை இரண்டாக உடையுங்கள். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே அடக்கமாக இருக்கட்டும். டயட்டீஷியனை அங்கிருந்து எடுத்து, டாக்டர் கடிதமும் நோயின் எண்ணும் நேரக் கணக்கும் கேட்டு, வருடத்துக்கு ஒரு மூன்று மணி நேரமாவது, அட்மிஷன் ஆகாமல் வெளி நோயாளியாக வருகிறவருக்கும் சேர்த்து, தனி வரியாகப் பணம் கொடுங்கள். முதலில் சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் மட்டும் கொடுத்தாலும் போதும். டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'டி.எம்.' என்று விடாமல் எந்த வகை, எத்தனை மாதம், காலா சிறுநீரகமா என்று ஒரு வரி முழுசாக எழுதுங்கள். மாதத்தை மாதம் என்றே எழுதுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிற வாசகர்களுக்கும் ஒன்று. கவுண்டரில் சம்மரியைக் கையில் கொடுத்ததும் மாத்திரைப் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். மேலே 'முந்தைய நோய் வரலாறு' என்று இருக்கிற வரியில் வருடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர் முகத்தைச் சுளிப்பார். நானும் சுளித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில்லிங் ஊழியர்,
சித்தோடு, ஈரோடு மாவட்டம்.

(பழைய இடத்தில் இன்னும் நண்பர்கள் வேலை பார்க்கிறார்கள். அதனால் என் பெயரையும் முகவரியையும் ஆசிரியர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.)